வீட்டிலிருந்து வேலை, விடுப்புக்கு மாற்று அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீடு என்ற ஏற்பாடு சென்னை, கோவை நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. சேலத்திலோ நாகர்கோவிலிலோ சொந்த வீட்டில் இருந்தபடியே முழு நேரமும் வேலை பார்ப்பவர்களும் உண்டு. இதற்காக லேப்டாப் கொடுத்தார்கள், விபிஎன் கொடுத்தார்கள், வருகைப் பதிவுக்கு ஆப் வாங்கினார்கள். லீவு விதியை மட்டும் பல இடங்களில் யாரும் தொடவில்லை. எல்லோரும் ஒரே கட்டடத்துக்குக் காலை ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்த காலத்தில் எழுதிய இரண்டு பக்கம்தான் இன்றும் ஓடுகிறது. அதில் இல்லாததை மேனேஜர்கள் ஆளுக்கொரு விதமாக நிரப்பிக்கொள்கிறார்கள். அப்படி நிரப்பும்போது பெரும்பாலும் வாயில் வருவது ஒரே வாக்கியம்: "உடம்பு சரியில்லையா? சரி, இன்னைக்கு வீட்டிலிருந்தே பார்த்துக்கோங்க."

கேட்க அன்பாகத்தான் இருக்கிறது. கணக்கைக் குலைப்பதும் அதுதான். பதிவேட்டில் அன்று அவருக்கு முழு வேலை நாள். அவரோ மாத்திரை போட்டுப் படுத்து, நடுவில் எழுந்து இரண்டு மெயிலுக்குப் பதில் எழுதி, மதியக் கூட்டத்தில் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கணக்கில் அவர் இருப்பதால் அவருடைய வேலையை யாரிடமும் மாற்றிக் கொடுக்கவில்லை. வேலை தேங்குகிறது, உடம்பும் தேறுவதில்லை. ஆண்டு முடியும்போது நோய் விடுப்பு அப்படியே மிச்சம் இருந்து காலாவதியாகிறது. அதைப் பார்க்கும் நிர்வாகம், "வீட்டிலிருந்து பார்ப்பதால் யாருக்கும் எஸ்.எல். தேவைப்படவில்லை" என்று முடிவு கட்டுகிறது. அப்பாவை ஸ்கேன் எடுக்க அழைத்துப் போகும் நாளும், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்கு அலையும் நாளும் இதே கணக்கில் போய்ச் சேர்கின்றன. இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். லீவு எடுத்தால் முகம் சுளிப்பவர், வீட்டிலிருந்து பார்க்கிறேன் என்றால் சரி என்கிறார் என்றால், யாரும் இரண்டாவதைத்தான் கேட்பார்கள்.

விதி எழுதும்போது ஒரே ஒரு அளவுகோல் போதும். வழக்கமான நேரத்தில் வழக்கமான வேலை முழுவதையும் செய்ய முடிந்தால்தான் அது வீட்டிலிருந்து வேலை. பாதிதான் முடியும் என்றால் அரை நாள் விடுப்பு. அதில் முற்பகலா பிற்பகலா என்று குறிக்க வேண்டும், அந்தப் பாதியில் கூட்டத்துக்குக் கூப்பிடக் கூடாது. ஒன்றிரண்டு மணி நேரம்தான் தேவை என்றால் பழைய "பெர்மிஷன்" முறையே நல்லது. மாதத்தில் இரண்டு முறை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் என்று வைத்தால் போதும். வீட்டில் இருப்பவருக்கு எதற்கு பெர்மிஷன் என்று கேட்டு இதை எடுத்துவிட்ட நிறுவனங்களில்தான், வங்கிக்குப் போக ஒருவர் அரை நாள் சி.எல். (தற்செயல் விடுப்பு) போட வேண்டியிருக்கிறது, அல்லது சொல்லாமல் போய்விட்டு வர வேண்டியிருக்கிறது.

குறைந்த சம்பளப் பணியாளர்களுக்கு இந்தக் குழப்பம் நேராகப் பண இழப்பாகவே முடியும். மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தின் வரம்புக்குள் வருகிறார்கள். அவர்களுக்கு நோய்க்கால உதவித்தொகை சராசரி தினக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. ஆனால் வேலை செய்த நாளுக்கோ, சம்பளத்துடன் விடுப்பில் இருந்த நாளுக்கோ அந்தத் தொகை கிடையாது. டாக்டர் சான்று கொடுத்த நாளில் "கொஞ்சம் லாக்இன் பண்ணிப் பாருங்க" என்று மேனேஜர் கேட்டு, இவரும் பண்ணிவிட்டால், அந்த நாளுக்கான கோரிக்கை அடிபடும். லாக்இன் நேரம் சர்வரில் அப்படியே இருக்கும்.

அடுத்தது, யாருக்கு எந்த மாநிலத்துச் சட்டம் என்பது. புனேயில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு நிறுவனம் தன் லீவு விதியை அப்படியே சென்னைக் கிளைக்கும் அனுப்பிவிடுவது சாதாரணமாக நடக்கிறது. மகாராஷ்டிரத்தின் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி எட்டு நாள் தற்செயல் விடுப்பு. ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் ஈட்டிய விடுப்பு. அதை 45 நாள் வரை சேர்த்து வைக்கலாம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 வேறு மாதிரி. தொடர்ந்து ஓராண்டு வேலை செய்தவருக்கு 12 நாள் ஊதியத்துடன் விடுப்பு, அதை 24 நாள் வரை சேர்க்கலாம். இது போக முதல் ஆண்டிலிருந்தே நோய்க்கு 12 நாள், தற்செயல் காரணங்களுக்கு 12 நாள். புனே விதியைச் சென்னையில் வைத்தால் சேமிப்பு வரம்பு தாராளமாகத் தெரியும், ஆனால் நோய் விடுப்பும் தற்செயல் விடுப்பும் சட்டத்துக்குக் குறைவாகப் போகும். தொழிலாளர் துறை ஆய்வாளர் பதிவேட்டைக் கேட்கும்போதுதான் பலருக்கு இது உறைக்கிறது. நிர்வாகப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு 1947 சட்டம் பொருந்தாது என்பது உண்மை. அதற்காக "அசிஸ்டென்ட் மேனேஜர்" என்று அட்டையில் போட்டுவிட்டால் எல்லோரும் நிர்வாகத்தில் சேர்ந்துவிட மாட்டார்கள். செய்யும் வேலை என்ன என்பதைத்தான் பார்ப்பார்கள்.

வேலைக்கு எடுக்கும் கடிதத்திலேயே "பணியிடத் தளம்" என்று ஓர் ஊரை எழுதிவிடுவது நல்லது. லீவு அளவு, விடுமுறைப் பட்டியல், தொழில் வரி எல்லாவற்றுக்கும் அதுவே ஆதாரம். ஆள் ஊர் மாறினால் கடிதமும் மாற வேண்டும். பெங்களூரு அலுவலகத்தில் சேர்ந்து மூன்றாவது மாதம் ஓசூருக்குக் குடிபோனவர் கணக்கில் இன்னும் பெங்களூருவாசியாகவே இருப்பது பிறகு வம்பாகும். நவம்பர் 1 ராஜ்யோத்சவ விடுமுறை அவருக்கு உண்டா, பொங்கலுக்கு உண்டா என்ற சண்டை அங்கிருந்துதான் தொடங்கும். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், பண்டிகைக்கு ஐந்துமாக ஒன்பது நாள் கட்டாயம். அந்த ஐந்தை எல்லா ஊருக்கும் ஒன்றாக வைக்க முடியாது. ஹைதராபாத்தில் உகாதி, கொச்சியில் ஓணம், இங்கே பொங்கல். பொதுப் பட்டியலைச் சட்டம் கேட்கும் அளவுக்கு ஊர்வாரியாக வைத்துவிட்டு, அதற்கு மேல் இரண்டு அல்லது மூன்று நாளை விருப்ப விடுமுறையாக விடலாம். கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு மதுரை மாவட்டத்தில் ஆட்சியர் விடும் உள்ளூர் விடுமுறை தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மதுரையில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு அன்று பிள்ளைகள் வீட்டில், தெருவில் கூட்டம். விருப்ப விடுமுறை இப்படிப்பட்ட நாளுக்குத்தான்.

வாக்குப்பதிவு நாளைத் தனியாகச் சொல்ல வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு, வாக்குரிமை உள்ள பணியாளருக்கு அந்த நாளில் சம்பளத்துடன் விடுமுறை தரச் சொல்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்றும், பெங்களூரு ஏப்ரல் 26 அன்றும் வாக்களித்தன. ஒரே டீமில் இரண்டு தேதி. அலுவலகம் எங்கே இருக்கிறது என்று பார்த்து விடுமுறை விட்டால் பாதிப் பேர் ஓட்டுப் போட லீவு போட வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் எங்கே இருக்கிறதோ அந்த ஊர்த் தேதிதான் கணக்கு. தேர்தல் அட்டவணை வந்த அன்றே ஒவ்வொருவரிடமும் தொகுதியைக் கேட்டு வாங்கிவிட்டால் வேலை முடிந்தது.

இனி, அதிகம் பேசப்படாத, ஆனால் மாதாமாதம் சண்டை வரும் இடம்: அலுவலக நாள் எண்ணிக்கை. வாரத்துக்கு மூன்று நாள் என்பதை மாதக் கணக்கில் 60 சதவீதம் என்று மென்பொருளில் ஏற்றியிருப்பார்கள். 22 வேலை நாள் உள்ள மாதத்தில் 13 நாள் வர வேண்டும். ஒருவர் ஐந்து நாள் லீவு எடுத்தார், ஒரு பண்டிகை விடுமுறையும் வந்தது. மிச்சம் 16 வேலை நாள். அதில் 60 சதவீதம் 9.6, பின்னத்தை விட்டால் 9 நாள் போதும். ஆனால் பல மென்பொருள்கள் பகுதியில், அதாவது சதவீதம் போடும் மொத்த நாளில், உள்ள 22-ஐக் குறைப்பதில்லை. எனவே அவர் மிச்சமுள்ள 16 நாளில் 13 நாள் வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் "விதிமீறல்" பட்டியலில் பெயர் வரும். இதன் விளைவு, ஆட்கள் லீவை அலுவலக நாளில் எடுக்காமல் வீட்டு நாளில் மட்டும் எடுக்கிறார்கள். காய்ச்சல் செவ்வாய்க்கிழமை வந்தாலும் முகக்கவசம் மாட்டிக்கொண்டு அலுவலகம் வந்துவிட்டு, வெள்ளிக்கிழமை லீவு போடுகிறார்கள். தொற்று எல்லோருக்கும் போகிறது. விடுப்பும் விடுமுறையும் பகுதியிலிருந்து கழிய வேண்டும் என்று மென்பொருள் தருபவரிடம் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். லீவு போட்ட அலுவலக நாளுக்கு ஈடாக இன்னொரு நாள் வரச் சொல்வதும் தவறு. அவர் அந்த நாளுக்கு ஏற்கெனவே ஒரு லீவைக் கொடுத்துவிட்டார்.

மென்பொருளின் இன்னொரு கோளாறு இரவில் நடக்கிறது. வருகைப் பதிவைக் கணக்கிடும் ஓட்டம் நள்ளிரவுக்கு மேல் ஓடும்போது, கேட்டில் ஸ்வைப் இல்லாத எல்லோருக்கும் "ஆப்சென்ட்" போட்டுவிடும். லீவு அனுமதி அதற்குப் பிறகு வந்து சேர்ந்தால் ஒரே நாளுக்கு லீவும் கழியும், சம்பளமும் கழியும். இதற்கு வரிசை முக்கியம். முதலில் விடுமுறைப் பட்டியல், அடுத்து அனுமதியான விடுப்பு, பிறகு வீட்டு நாள், கடைசியாக ஸ்வைப். முந்தைய மூன்றில் எதிலும் இல்லாதவருக்கு மட்டும்தான் ஸ்வைப்பைப் பார்க்க வேண்டும். அப்போதும் நேராகச் சம்பளத்தில் கை வைக்காமல், "விளக்கம் தேவை" என்று நிறுத்தி வைக்க வேண்டும்.

அமெரிக்க வாடிக்கையாளருக்காக மாலை ஆறரைக்குத் தொடங்கி அதிகாலை மூன்றரைக்கு முடியும் ஷிப்டில் இருப்பவர் வெள்ளிக்கிழமை லீவு என்றால் எந்த இரவு? ஷிப்ட் தொடங்கும் தேதிதான் லீவுத் தேதி என்று ஒரு வரி எழுதிவிட்டால் இந்தக் கேள்வியே வராது. மென்பொருளில் லீவுத் தேதியை நேரத்துடன் சேர்த்து உலகப் பொது நேரத்தில் சேமிக்கக் கூடாது. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னே இருக்கிறோம். 12-ஆம் தேதி நள்ளிரவு பன்னிரண்டு மணி என்று இங்கே பதிந்தது அங்கே 11-ஆம் தேதி மாலையாகிவிடும். ஒரு நாள் தள்ளி லீவு விழுந்த கதைகளில் பாதிக்குக் காரணம் இதுதான். தேதியை வெறும் தேதியாகவே வைக்க வேண்டும்.

சம்பளப் பிடித்தத்துக்கு வருவோம். லாஸ் ஆஃப் பே (சம்பளமில்லா விடுப்பு) என்றால் ஒரு நாள் சம்பளம் எவ்வளவு? மாதம் 66,000 ரூபாய் வாங்குபவருக்கு 30-ஆல் வகுத்தால் 2,200. வேலை நாள் 22-ஆல் வகுத்தால் 3,000. இரண்டில் எதையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சேர்த்துக் குழப்பக் கூடாது. 30-ஆல் வகுக்கும் இடத்தில் நடுவில் வரும் சனி, ஞாயிறையும் எண்ணுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. 22-ஆல் வகுத்துவிட்டு சனி, ஞாயிறையும் எண்ணினால் அது அநியாயம். வெள்ளியும் திங்களும் வராதவருக்கு 6,000 ரூபாய்தான் பிடிக்க வேண்டும். நான்கு நாள் என்று கணக்குப் போட்டு 12,000 பிடிக்கிற இடங்கள் இருக்கின்றன. இதைத்தான் "சாண்ட்விச்" விதி என்கிறார்கள். ஈட்டிய விடுப்புக்கும் அதே விதியை வைக்கிறார்கள். தொழிற்சாலைச் சட்டம், விடுப்பின் நடுவிலோ ஓரத்திலோ வரும் விடுமுறை நாளை விடுப்பில் சேர்க்கக் கூடாது என்று நெடுங்காலமாகவே சொல்லிவந்தது. அலுவலகங்கள் மட்டும் இதில் கறாராக இருப்பதற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. 2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஊருக்குப் போகிறவர்கள் வெள்ளியும் திங்களும்தான் கேட்பார்கள். சாண்ட்விச் விதி உள்ள இடத்தில் இரண்டு நாளுக்கு நான்கு நாள் கழியும். அதைத் தவிர்க்க, வெள்ளிக்கிழமை ரயிலில் உட்கார்ந்துகொண்டு "வீட்டிலிருந்து வேலை" என்று போடுவார்கள். விதி கடுமையானால் பொய் பெருகும் என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

அனுமதி தாமதமும் சம்பளத்தில்தான் வந்து முடியும். பேரோல் கட் ஆஃப், அதாவது அந்த மாதச் சம்பளக் கணக்கை மூடும் நாள், 20-ஆம் தேதி என்றால், அன்று வரை "பெண்டிங்" நிலையில் உள்ள விண்ணப்பங்களைப் பல மென்பொருள்கள் அனுமதி இல்லாத லீவாகவே எடுத்துக்கொள்கின்றன. எல்லோரும் ஒரே இடத்தில் இருந்தால் மேனேஜர் மேசைக்குப் போய் நினைவுபடுத்தலாம். அவர் வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கும்போது முடியாது. இரண்டு வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் விண்ணப்பம் தானாக அடுத்த நிலைக்குப் போக வேண்டும். அனுமதிப்பவர் தாமதித்ததற்காகக் கேட்டவரின் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது. ரிப்போர்ட்டிங் மேனேஜர், ப்ராஜெக்ட் மேனேஜர் என்று இரண்டு பேர் இருக்கும் இடத்தில் அனுமதி ஒருவரிடம், தகவல் மற்றவருக்கு என்று பிரித்துவிடுங்கள். இருவரிடமும் அனுமதி என்றால் இருவருமே மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். வாட்ஸ்அப் குழுவில் "இன்று லீவு" என்று போடுவது தகவல்தான், விண்ணப்பம் ஆகாது. திடீர் நோய்க்கு அது போதும். திரும்பி வந்த இரண்டு நாளுக்குள் மென்பொருளில் பதிந்துவிட வேண்டும்.

அந்தக் குழுவில் காரணத்தை எழுதச் சொல்லும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். கருச்சிதைவுக்குச் சட்டம் தரும் ஆறு வார விடுப்பும், பாலியல் துன்புறுத்தல் புகாரின் விசாரணைக் காலத்தில் தரப்படும் மூன்று மாதம் வரையிலான விடுப்பும் டீம் காலண்டரில் எல்லோர் கண்ணிலும் பட வேண்டியவை அல்ல. காலண்டரில் "இல்லை" என்பது போதும். வகை என்ன என்பது மனிதவளப் பிரிவில் ஒரே ஒருவருக்குத் தெரிந்தால் போதும்.

எத்தனை பேரை ஒரே நேரத்தில் விடலாம் என்பதை ஆள் முகம் பார்த்து முடிவு செய்யாமல் எண்ணாக வைத்துக்கொள்வது நல்லது. எட்டுப் பேர் டீமில் வேலை ஓட ஐந்து பேர் வேண்டும் என்றால் மூன்று பேரை விடலாம். அதிலும் ஒரே வேலை தெரிந்த இரண்டு பேர் சேர்ந்து போகக் கூடாது. பண்டிகை லீவுக்கு முந்தியவருக்கு முதலிடம் என்று வைத்தால் ஜனவரியிலேயே தீபாவளிக்குப் பதிந்து வைப்பவருக்குத்தான் எப்போதும் கிடைக்கும். ஆறு வாரம் முன்பு ஒரு வாரம் மட்டும் பதிவைத் திறந்து வைத்து, அதிகம் பேர் கேட்டால் போன வருடம் கிடைக்காதவருக்கு முதலில் கொடுப்பது நியாயம். அன்று வேலையில் இருக்க வேண்டியவருக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்துடன் மாற்று விடுமுறை உண்டு. "வீட்டிலிருந்துதானே பார்த்தார், இரண்டு மணி நேர கால்தானே" என்று இதை மறுக்கிறார்கள். நான்கு மணி நேரத்துக்குள் என்றால் அரை காம்ப் ஆஃப் (அந்த வேலைக்கு ஈடான மாற்று விடுப்பு), மேலே போனால் முழுசு என்று எழுதி வைத்தால் பேரம் பேச வேண்டியதில்லை. முப்பது நாளில் காலாவதி என்பது காம்ப் ஆஃப் கொடுக்காமல் இருப்பதற்கான வழி. குறைந்தது மூன்று மாதமாவது விட வேண்டும்.

லீவு போட்டவரை ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் எழுப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் யாருடைய கல்மனமும் இல்லை. லீவு அனுமதி ஒரு மென்பொருளில், ஆன்கால் பட்டியல் (அவசரம் வந்தால் எந்த நாளில் யாரைக் கூப்பிடுவது என்பது) இன்னொன்றில், இரண்டும் பேசிக்கொள்வதில்லை. ஆன்கால் நாளில் லீவு கேட்பவர் முதலில் மாற்று ஆளின் பெயரைப் பட்டியலில் ஏற்றிய பிறகே அனுமதி பொத்தான் வேலை செய்யும்படி வைக்கலாம். ஒப்படைப்புக் குறிப்பு ஒரு பக்கம் போதும். அதில் நடந்துகொண்டிருக்கும் வேலைகள், ஒவ்வொன்றிலும் அடுத்து செய்ய வேண்டியது, அந்த வாரத்தில் யார் என்ன முடிவு எடுக்கலாம், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பன இருக்க வேண்டும். கடவுச்சொல்லை எழுதிக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். மாற்று ஆளுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கிக் கொடுங்கள். பிரான்சில் 2017 ஜனவரி முதல் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள், வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமையைப் பற்றித் தொழிலாளர் தரப்புடன் பேசியாக வேண்டும். இங்கே சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. லீவில் இருப்பவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க நேர்ந்தால் அரை நாள் லீவு திரும்பக் கணக்கில் ஏறும் என்று வைத்துப் பாருங்கள், போன் அடிப்பவரே ஒரு கணம் யோசிப்பார்.

மழைக்காலத்தில் வரும் வழக்கமான அபத்தம் ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் அரசு விடுமுறை விட்டது. தனியார் நிறுவனங்கள் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னன. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வீட்டுக்குள் தண்ணீர், மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை. அன்று லாக்இன் இல்லாத நாளை லீவாகக் கழித்த இடங்களும் உண்டு. அலுவலக முகவரியை விட்டுவிட்டு, ஆள் குடியிருக்கும் மாவட்டத்தில் பேரிடர் விடுமுறை அறிவிக்கப்பட்டதா என்று பார்த்தால் போதும். அறிவித்த நாள் யார் கணக்கிலும் கழியக் கூடாது. பராமரிப்புக்கான மின்தடை வேறு விஷயம். காலை 9 முதல் மதியம் 2 வரை எந்தப் பகுதியில் மின்சாரம் இருக்காது என்று நாளிதழ்களிலேயே முதல் நாள் வந்துவிடுகிறது. அன்று அலுவலகம் வரலாம், அல்லது மேனேஜரிடம் சொல்லி நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு லீவும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம்.

மகப்பேறு விடுப்பில்தான் அந்த அன்பான வாக்கியம் சட்டத்தையே மீறுகிறது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் எட்டு வாரம். சனி, ஞாயிறு எல்லாம் சேர்த்து 182 நாள். பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை அவரை வேலை வாங்குவதே தடை செய்யப்பட்டது. வீட்டிலிருந்து வேலை செய்ய 2017 திருத்தம் வழி செய்திருப்பது உண்மைதான். ஆனால் அது விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இருவரும் ஒப்புக்கொண்டு செய்யும் ஏற்பாடு. "நாலு மாசம் ஆச்சே, வீட்டிலிருந்தே லேசா ஆரம்பிங்களேன்" என்பது அந்தப் பிரிவில் இல்லை. எத்தனை மாதம், எத்தனை மணி நேரம் என்பதை விடுப்பு முடியும் முன்பே எழுத்தில் வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் நல்லது.

மிச்ச லீவு பற்றி ஒரு சின்னக் கணக்கு. நாற்பது பேர் உள்ள பிரிவில் அக்டோபர் முதல் தேதி ஆளுக்கு ஒன்பது நாள் மிச்சம் என்று வையுங்கள். மொத்தம் 360 நாள். டிசம்பர் முடிய ஏறத்தாழ அறுபது வேலை நாள்தான் இருக்கும். அப்படியானால் தினமும் ஆறு பேர் வரமாட்டார்கள். அது நடக்காது, எனவே பாதி லீவு அழியும். வீட்டு வேலை நாள் அதிகமான பிறகு இந்தக் குவியல் கூடியிருக்கிறது, ஏனென்றால் சின்னச் சின்ன லீவெல்லாம் எடுக்கப்படாமலேயே போகிறது. ஜூன் முடிவதற்குள் பாதியாவது எடுத்திருக்க வேண்டும் என்று மேனேஜரின் பொறுப்பில் வைத்தால் குறையும். சில ஸ்டார்ட்அப்கள் "அளவில்லாத லீவு" என்று விளம்பரம் செய்கின்றன. கணக்கே இல்லாத இடத்தில் மிச்சமும் இல்லை, பணமாக்கவும் முடியாது. எவ்வளவு எடுக்கலாம் என்று தெரியாமல் ஆட்கள் குறைவாகத்தான் எடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்த விளம்பரத்துக்குக் கீழேயும் ஊதியத்துடன் விடுப்பு, நோய், தற்செயல் மூன்றுக்கும் பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு என்ற பதிவேடு இருந்தாக வேண்டும்.

வேலையை விட்டுப் போகும்போது எல்லாக் குழப்பமும் ஒரே நாளில் மேசைக்கு வரும். தனியார் ஊழியர் ஓய்வு பெறும்போதோ ராஜினாமா செய்யும்போதோ வாங்கும் விடுப்புப் பணத்துக்கு வரிவிலக்கு வரம்பு 2023 ஏப்ரல் முதல் 3 லட்சத்திலிருந்து 25 லட்சமாக உயர்ந்தது. பத்து மாதச் சராசரிச் சம்பளம் போன்ற மற்ற வரம்புகளும் உண்டு, எது குறைவோ அதுவே விலக்கு. வேலையில் இருக்கும்போதே பணமாக்கினால் முழுத் தொகைக்கும் வரி. இதற்கிடையே 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டம், ராஜினாமா செய்தவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் ஊதியத்தைத் தரச் சொல்கிறது. நாற்பத்தைந்து நாள் எடுத்துக்கொண்டு, பழைய மெயில்களைத் தேடி, எது லீவு, எது வீட்டு நாள், எந்தக் காம்ப் ஆஃப் யார் அனுமதித்தது என்று கூட்டிக் கழிக்கும் வழக்கத்துக்கு இனி நேரம் இல்லை. திருநெல்வேலியில் இருப்பவரின் லேப்டாப் கூரியரில் வந்து சேரவில்லை என்று செட்டில்மென்ட்டை நிறுத்தி வைப்பதற்கும் நேரம் இல்லை. கடைசி வேலை நாளுக்கு ஒரு வாரம் முன்பே கூரியர் ஏற்பாட்டை நிறுவனமே செய்யட்டும். நோட்டீஸ் கொடுத்த அன்றே லீவு இருப்பை அச்செடுத்து இருவரும் கையெழுத்திடட்டும். நோட்டீஸ் காலத்தில் எடுக்கும் லீவை மட்டும் பிறகு அதில் கழித்தால் போதும்.

இப்படிக்கு,
மனிதவள, சம்பளப் பட்டியல் பணியில் உள்ள வாசகர்,
சோழிங்கநல்லூர், சென்னை.